ஓர்கிட் பூவுக்கு வெள்ளை கட்டிய கதை

படத்தில் பூ இருந்தது. பூவுக்குப் பின்னால் இராசமலரின் உள்பாவாடையும் இருந்தது.

தியாகலிங்கம் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஓர்கிட் மங்கலாகவும் உள்பாவாடை பளிச்சென்றும் விழுந்திருந்தது. அவருக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

“இஞ்சரும், கொடியிலை கிடக்கிற உடுப்பு முழுக்க எடும்,” என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

“இப்பதானேயப்பா காயப்போட்டனான். ஈரம் சொட்டுது,” என்றாள் மனைவி இராசமலர், உள்ளேயிருந்தபடியே.

“சொட்டினாச் சொட்டட்டும். பன்ரண்டு மணிக்குள்ளை படம் போகவேணும். ஒரு நிமிசம் பிந்தினாலும் எடுக்கமாட்டினம்.”

அவள் வரவில்லை. அவர் கொடியையே அவிழ்த்துவிட்டார். இரண்டு சேலை, மூன்று சாரம், அந்தப் பாழாய்ப்போன உள்பாவாடை எல்லாம் மாமரத்தடி மண்ணில் போய் விழுந்தன. அப்போது நேரம் எட்டு மணி பத்து நிமிடம்.

நேரத்தை அவர் சும்மா பார்க்கவில்லை. அது அவருடைய தொழில். முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நேரக் கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையில் இருந்த காலத்தில் ஒரு பஸ் ஒரு நிமிடம் பிந்தி வெளிக்கிட்டாலும் சாரதிக்கும் நடத்துனருக்கும் விழுகிற பேச்சு, பெரியகடை வீதி வரைக்கும் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு பேசுவதற்கு ஆள் குறைந்துபோனது. கோபம் குறையவில்லை. அது அளவெட்டியில் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இன்றைய கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் கதிரவேலு.

கதிரவேலு பக்கத்து வளவுக்காரர். இவரைவிட நாலு வயது மூப்பு. ஒரு காலத்தில் இவர் அவரை ‘அண்ணை, அண்ணை’ என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலே திரிந்தவர்தான். பதினொரு வருடத்துக்கு முன்பு வேலியைப் பிரித்து அடைக்கும்போது அரையடி நிலம் யாருடையது என்று பிரச்சினை வந்தது. அதோடு பேச்சு வார்த்தை நின்றது. கிடுகு வேலி இருந்த இடத்தில் தியாகலிங்கம் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தார். வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் மட்டும் தகரத்துக்கு மேலால் முருங்கைக்காயும் கறிக்கிண்ணமும் மாற்றிக்கொள்வார்கள். அது தங்களுக்குத் தெரியாது என்று இரண்டு ஆண்களும் வைத்துக்கொண்டார்கள்.

இதற்குள் ஓர்கிட் எப்படி வந்தது என்றால், போட்டியால் வந்தது. அந்த ஊர்ப் பக்கத்தில் பூக்கன்று வளர்க்கிறவர்கள் கூடி ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ‘வீட்டில் பூத்த ஓர்கிட்’ என்று புகைப்படப் போட்டி நடத்துவார்கள். சொந்த வளவில் பூத்த பூவாக இருக்கவேண்டும். பூ செடியிலேயே நிற்கவேண்டும். செடியை வளர்த்தவரே படத்தை எடுத்துப் போனில் அனுப்பவேண்டும். முதலாம் பரிசு பெற்ற படத்தை அடுத்த வருடக் கலண்டரில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுப்பார்கள். சென்ற வருடம் முதலாம் பரிசு கதிரவேலுவின் வெள்ளை ஓர்கிட்டுக்கு.

அந்தக் கலண்டர் தியாகலிங்கத்தின் வீட்டுக்குள்ளேயே தொங்கியது. ஒரு மனிதனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? காலையில் கண் விழித்தால் கதிரவேலுவின் பூ. பூவுக்குக் கீழே கதிரவேலுவின் பெயர். பெயருக்குக் கீழே இராகுகாலம். அவர் கலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். விரதநாள் பார்க்கவேண்டும் என்று இராசமலர் திரும்பவும் நேராக்கிவிடுவாள். ஏழு மாதமாக அந்தக் கலண்டர் ஒரு இடத்தில் ஒழுங்காக நிற்கவில்லை.

ஆகவே இந்த வருடம் விடுவதில்லை என்று இருந்தார். அவருடைய ஊதா ஓர்கிட் மூன்று வருடமாகப் பூக்காமல் அடம்பிடித்த சாமான். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு, இலையெல்லாம் வெள்ளையாகப் படிகிறது என்று மாரி மழையை நாலு பரலில் பிடித்துவைத்து, ஓர்கிட்டுக்கு மட்டும் அளந்து அளந்து ஊற்றினார். வீட்டில் ஒருவர் அதில் கை நனைக்கக்கூடாது. நுளம்பு பெருகும், டெங்கு வரும் என்று எச்சரிக்க வந்த சுகாதாரப் பரிசோதகரோடும் வாசல் படலையில் நின்று சண்டை பிடித்தார். அப்படி வளர்த்த செடி போன கிழமை ஏழு பூப் பூத்தது. கலண்டருக்கும் அவருக்கும் நடுவில் இப்போது ஒரு நல்ல படம் மட்டும்தான் பாக்கி.

உடுப்புப் போனதும் பின்னால் தகரம் தெரிந்தது. பதினொரு வருட மழையிலும் வெயிலிலும் நின்று கறள் பிடித்த தகரம். அதில் எப்போதோ நடந்த ஒரு தேர்தலின் சுவரொட்டி அரைவாசி கிழிந்து ஒட்டிக்கிடந்தது. அவர் படத்தை எடுத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்யும் மகள் ஆரபிக்கு அனுப்பினார். அவள் உடனே போன் எடுத்தாள்.

“அப்பா, பூ வடிவா இருக்கு. பூவுக்குள்ளாலை சிரிக்கிறவர் ஆர்?”

பின்னுக்கு ஒன்றும் தெரியக்கூடாது, வெறுமையாக இருக்கவேண்டும், அப்போதுதான் பூ எடுப்பாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். தியாகலிங்கம் குறடு எடுத்துவந்து இரண்டு தகரத்தைக் கழற்றினார். மண்ணில் கிடந்த உடுப்பைப் பொறுக்கிக்கொண்டு நின்ற இராசமலர், பதினொரு வருடமாகத் திறக்காத வேலி, யோசித்துச் செய்யுங்கோ என்றாள். தகரம் தன்னுடையது, குறடும் தன்னுடையது, யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

தகரம் போன இடத்தில் பச்சைப்பசேலென்று பின்னணி கிடைக்கும் என்று நினைத்தார். கிடைத்தது கதிரவேலு.

கிணற்றடியில், இடுப்பில் ஒரு துவாயோடு, தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்றார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு வருடமாகத் தகரத்துக்கு மேலால் மொட்டந்தலையை மட்டும் பார்த்துவந்த தியாகலிங்கம் இன்றைக்குத்தான் முழு உருவத்தையும் பார்த்தார். தேவைக்கு மேலேயே பார்த்தார்.

அதைவிட மோசமானது கதிரவேலுவின் பின்னால் இருந்தது. சம்பு மரக் கொப்பில் வெள்ளை ஓர்கிட் தொங்கியது. ஒரே காம்பில் ஒன்பது பூ. தியாகலிங்கம் இரண்டு தரம் எண்ணினார். ஒன்பதுதான். ஆனால் ஆள் ஆறுதலாகக் குளித்துக்கொண்டு நிற்கிறார், படம் எடுக்கிற அறிகுறி ஒன்றும் இல்லை என்பதில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி.

பேசாத மனிதரிடம் தள்ளி நிற்கும்படி எப்படிச் சொல்வது? அதற்கு ஊரில் ஒரு முறை இருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டு மனைவிக்குச் சொல்வதுபோல வேலிக்குச் சொல்லவேண்டும்.

“மலர், சில ஆக்களுக்குக் குளிக்கிறதுக்கும் ஒரு நேரங்காலம் இல்லை. இஞ்சை ஒரு மனிசன் பன்ரண்டு மணிக்குள்ளை படம் அனுப்ப நிண்டு அந்தரப்படுறான்.”

கதிரவேலு ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகத் தலையில் ஊற்றினார். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பித் தன் மனைவி கேதீஸ்வரியைக் கூப்பிட்டார்.

“கேதீசு, சீயாக்காயைக் கொண்டு வாரும். இண்டைக்குச் சனிக்கிழமை, வடிவா முழுகவேணும்.”

வடிவாகத்தான் முழுகினார். தியாகலிங்கம் இடப்பக்கம் போய் எடுத்தார், வலப்பக்கம் போய் எடுத்தார், குந்தியிருந்து எடுத்தார். பதினான்கு படம். பதினான்கிலும் பூவுக்குப் பின்னால் கதிரவேலு முதுகு தேய்த்தார். ஒன்பது ஐம்பதுக்குத் தியாகலிங்கத்தின் பொறுமை முடிந்தது. அது தொடங்கும்போதே ஒரு கரண்டி அளவுதான் இருந்தது.

செடியைச் சட்டியோடு மாமரத்திலிருந்து கழற்றி, விறாந்தைக்குக் கொண்டுபோய்க் கூரை வளையில் கொழுவினார். மாமரத்து முசுறு எறும்பும் ஒரு கூட்டம் செடியோடு கூடவே வந்தது. அது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

விறாந்தையில் வெளிச்சம் போதவில்லை. சுவிட்சைப் போட்டார், கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று தெரியாத கரண்டையும் அதைக் கண்டுபிடித்தவனையும் கொஞ்ச நேரம் ஏசிப் பேசினார். பிறகு மகளுக்குப் போன் எடுத்தார். ஆரபி குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசர அவசரமாகச் சொன்னாள். பின்னுக்கு வெள்ளைத் துணி ஒன்று கட்டுங்கோ. ஓட்டு இடைவெளிக்குள்ளால் வெயில் புள்ளி புள்ளியாக விழும், அதனால் மேலுக்கும் ஒன்று கட்டுங்கோ. ஓர்கிட் கீழ்நோக்கித்தான் பார்க்கும், ஆகவே கீழே படுத்திருந்து எடுங்கோ. கை ஆடாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கோ. “மனேஜர் பாக்கிறார் அப்பா, வைக்கிறன்.”

அந்தப் பிள்ளை சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. கேட்ட மனிதர்தான் பிழை.

அலுமாரியில் கோயில் திருவிழாவுக்கென்று மடித்து வைத்த எட்டு முழ வேட்டி இரண்டு இருந்தது. ஒன்றைச் செடிக்குப் பின்னால் கட்டினார். மற்றதை வளையோடு சேர்த்து மேலே விரித்துக் கட்டினார். உடுப்பை இரண்டாம் தரம் அலசிக் காயப்போட்டுவிட்டு வந்த இராசமலர் அப்படியே நின்றுவிட்டாள்.

“விறாந்தையிலை ஏனப்பா வெள்ளை கட்டுறியள்? காணுற சனம் என்ன நினைக்கும்?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கலியாணம் காட்சி ஒன்றும் இல்லாத வீட்டில் விறாந்தைக்கு வெள்ளை கட்டினால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆனால் தியாகலிங்கத்துக்கு நியாயம் கேட்க நேரம் இல்லை. வெளிச்சம் வரட்டும் என்று படலையை அகலத் திறக்கச் சொன்னார். அதுவும் போதாமல் குத்துவிளக்கைக் கொளுத்திக் கொண்டுவரச் சொன்னார். பூவுக்குக் கீழே நீட்டு மர வாங்கைப் போட்டு மல்லாந்து படுத்தார். விளக்கை எங்கே வைப்பது என்று அவள் கேட்டபோது, தலைமாட்டில் வைக்கும்படி சொன்னார். அங்கேயிருந்துதான் பூவில் வெளிச்சம் சரியாக விழுந்தது.

அவள் வைத்தாள். வைக்கும்போது அவளுடைய கை கொஞ்சம் தயங்கியது.

முதல் முசுறு அவருடைய காதுக்குள் விழுந்தது. இரண்டாவது மற்றக் காதுக்குள். துள்ளி எழும்பிக் காதைக் குடைந்து, முசுறுகளின் பரம்பரையையே பேசி, ஒரு வெள்ளைத் துவாயை எடுத்து உச்சந்தலையிலிருந்து இரண்டு காதையும் மூடி நாடிக்குக் கீழே கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார். திரும்பவும் படுத்தார். கண்ணுக்குள்ளும் விழப்பார்த்ததால் கண்ணை மூடிக்கொண்டார். காற்று நிற்கிற நேரம் மட்டும் கண்ணைத் திறந்து எடுப்பது என்று ஏற்பாடு. அதுவரை போனை நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இராசமலரைக் கால்மாட்டில் நிற்கச் சொன்னார். அசைந்தால் நிழல் ஆடும், அசையக்கூடாது என்றார்.

அவள் அசையவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, இந்த மனிதரைக் கட்டின நாளை நினைத்தபடி நின்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஓட்டோக்காரச் சுரேஸ் ஒழுங்கையால் வந்தான். தியாகலிங்கத்தை அடிக்கடி சுன்னாகம் சந்தைக்கு ஏற்றிப் போகிறவன், ஏற்றிப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் பிந்தினாய் என்று பேச்சு வாங்குகிறவன். திறந்த படலையைக் கண்டு வேகத்தைக் குறைத்தான். மேலே வெள்ளை. கீழே வாங்கு. தலைமாட்டில் விளக்கு. நாடிக்கட்டு. நெஞ்சில் கூப்பின கை. கால்மாட்டில் தலையில் கை வைத்த இராசமலர் அக்கா. அந்த வீட்டில் சத்தமே இல்லை. அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் அவன் ஒரு நாளும் கண்டதில்லை.

சுரேஸ் நல்ல பெடியன். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் துக்கப்பட்ட மனிசியைக் கேள்வி கேட்டு வதைக்கக்கூடாது, ஆகவேண்டியதை நாங்கள் பார்ப்போம் என்று ஓட்டோவைத் திருப்பினான்.

பதினொன்று பன்னிரண்டுக்குக் காற்று நின்றது. தியாகலிங்கம் கண்ணைத் திறந்தார், மூச்சைப் பிடித்தார், அழுத்தினார்.

இராசமலரிடம் காட்டினார். ஏழு பூவும் வெள்ளைக்கு மேல் விரிந்து நின்றன. இதழின் நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு பூவின் நுனியில் முசுறு ஒன்று நின்றது, அதுவும் வேண்டுமென்றே வைத்ததுபோல இருந்தது. அவளே அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். “உது வெல்லும் அப்பா,” என்றாள். மூன்று வருடத்து மழைத்தண்ணீர், ஏழு மாதத்துக் கலண்டர், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு படம் பதில் சொல்லப்போகிறது.

படத்தோடு முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் அனுப்பவேண்டும். படுத்தபடியே ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். ‘தியா’ என்பது வரைக்கும் வந்தார். படலையில் சத்தம் கேட்டது.

ஓட்டோவின் தலையில் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை. பின்னால் பத்துப் பதினைந்து பேர், சைக்கிளிலும் நடையிலும். முன்னுக்கு அவருடைய தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி. அவள் முற்றத்துக்குக் கால் வைத்ததும் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். ஒருத்தரை ஒரு கடுஞ்சொல் சொல்லியறியாத ராசாவே என்று அழுதாள். தியாகலிங்கத்துக்கு அதைக் கேட்க ஒரு கணம் இதமாகத்தான் இருந்தது. பிறகுதான் எழும்பி இருந்தார்.

ராசா எழும்பினதைக் கண்டு ஒப்பாரி நடுவில் அறுந்தது. அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பின்னால் வந்தவர்களில் ஒருவர் குரோட்டன் பற்றைக்குள் போய் விழுந்தார்.

“ஆரடா செத்தது?” என்றார் தியாகலிங்கம்.

சுரேஸ் கதிரையை இறக்கின கையோடு நின்றான். “நீங்கள்தான் அண்ணை.”

“நான் செத்தா நான் சொல்லியனுப்புவன். நீ ஆர் எனக்கு முதல் சொல்லுறதுக்கு?”

பஸ் நிலையத்தை விட்ட பிறகு இப்படி ஒரு பேச்சு அவர் பேசவில்லை. நாடிக்கட்டை அவிழ்க்காமலே பேசினார். சுரேசின் கண்ணைப் பேசினார், ஓட்டோவைப் பேசினார், கதிரைகளைக்கூட எண்ணி எண்ணிப் பேசினார். அவன் மல்லாகத்துச் சொந்தக்காரருக்கும் சொல்லியனுப்பிவிட்டான், மலர்வளையம் ஒன்றுக்கும் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தபோது இன்னொரு சுற்றுப் பேசினார். வந்த சனம் போகவில்லை. வந்தது வந்தாகிவிட்டது, கதிரையும் இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். இராசமலர் தேத்தண்ணிக்கு உலை வைத்தாள். நேரம் பதினொன்று முப்பத்தைந்து. தியாகலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு போனை எடுத்தார். ‘தியா’வுக்குப் பக்கத்தில் ‘க’ போட்டார்.

வேலியில் தகரம் கழற்றின இடைவெளியால் கதிரவேலு வந்தார்.

வெள்ளை வேட்டி, வெறும் மேல், நெற்றி நிறையத் திருநீறு. கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் அந்த வெள்ளை ஓர்கிட். காம்போடு வெட்டியிருந்தது. ஒன்பது பூவும் அதில் கிடந்தன. தியாகலிங்கம் இடைவெளியால் அந்தப் பக்கம் பார்த்தார். சம்பு மரத்தில் பூவில்லாத சட்டிதான் தொங்கியது.

கதிரவேலு படியில் நின்று மேலே கட்டின வெள்ளையைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“தியாகு, நீ இருக்கிறியோடா?”

“இருக்கிறன்,” என்றார் தியாகலிங்கம். அவருடைய கண் தட்டில்தான் நின்றது. “பூவை ஏன் வெட்டினனீங்கள், அண்ணை?”

அந்த ‘அண்ணை’ அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்தது.

“உன்னைக் கிடத்தியிருக்கினம் எண்டு சனம் சொல்லிச்சுது,” என்றார் கதிரவேலு. “உன்ரை காலடியிலை வைக்காமல் எனக்கு உந்தப் பூ என்னத்துக்கு?”

தியாகலிங்கத்துக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தனக்காக உலகத்தில் ஒருவன் ஒரு கிளுவங்கொப்பும் வெட்டமாட்டான் என்று நினைத்திருந்தவர். இந்த மனிதன் கலண்டரையே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வெட்டின பூவைப் போட்டிக்கு எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறான். நாடியில் கட்டியிருந்த துவாய் கண்ணைத் துடைக்க வசதியாக இருந்தது.

இரண்டு பேரும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. கதிரவேலு பழைய கதையைத் தொடங்கினார். இருவரும் ஒரே சைக்கிளில் மாவிட்டபுரம் தேருக்குப் போனது, வழியில் ரயர் வெடித்தது, அந்த ரயருக்கு ஒட்டுப் போட்டவனுடைய தகப்பன் யார் என்பது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். குடித்து முடிந்து இன்னொரு தேத்தண்ணி கேட்டார். சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.

பதினொன்று ஐம்பதுக்குத் தியாகலிங்கத்தின் கண் தானாக மணிக்கூட்டுக்குப் போனது. முப்பத்தொரு வருடப் பழக்கம். கதிரவேலு அதைக் கண்டுவிட்டார்.

“நீ அனுப்பு தியாகு. என்ரை பூவைப் பாத்து யோசியாதை. என்னட்டை இனி என்ன கிடக்கு? நீ வெண்டால் நான் வெண்ட மாதிரி.”

அனுப்பிவிடு என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் தியாகலிங்கம் ஒருவேளை அனுப்பியிருப்பார். இப்போது எப்படி அனுப்புவது? போனைப் பார்த்தார். ஏழு பூவும் அப்படியே நின்றன. இதை அனுப்பினால் வெல்லும், வென்றால் அடுத்த வருடம் முழுக்கக் கதிரவேலுவின் வீட்டுச் சுவரில் தொங்கும். எனக்காகப் பூவை வெட்டின மனிதன் இராகுகாலம் பார்க்கப் போகும்போதெல்லாம் என் பூவைப் பார்க்கவேண்டும். அது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் தியாகலிங்கத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது.

போனை நிற்பாட்டி மடிக்குள் செருகினார்.

“மலர், கத்தியைக் கொண்டு வாரும்.”

இராசமலர் கொண்டுவந்தாள், ஆனால் கொடுக்கவில்லை. யோசித்துச் செய்யுங்கோ என்று காலையில் சொன்னதை இப்போதும் சொன்னாள். அவர் கத்தியை அவளுடைய கையிலிருந்து வாங்கி, வாங்கில் ஏறி நின்று, ஊதா ஓர்கிட்டின் காம்பை அடியோடு வெட்டினார். வெள்ளைக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார். முற்றத்தில் இருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சுரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிள்ளையார் கோயிலில் உச்சிப் பூசைக்கு மணி அடித்தது. பன்னிரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நேரத்தை அவர் தெரிந்துகொண்டே தவறவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால் கோபம் வரவில்லை. எங்கேயோ கழற்றி வைத்துவிட்டதுபோல இருந்தது. சனம் நல்லதொரு சாவீட்டுக்கு வந்த திருப்தியோடு எழும்பிப் போனது. சுரேஸ் கதிரைகளை ஏற்றிக்கொண்டு மலர்வளையத்தை மறிக்க ஓடினான்.

மணி அடித்ததும் கதிரவேலுவும் எழும்பப் பார்த்தார். தியாகலிங்கம் விடவில்லை, கையைப் பிடித்து இருத்தினார். இனி அவருடைய முறை. பதினொரு வருடத்தில் சொல்லாமல் கிடந்ததெல்லாம் இருந்தது. அரைமணி கழித்துக் கதிரவேலு திரும்பவும் எழும்பப் பார்த்தார், இவர் திரும்பவும் இருத்தினார். கழற்றின தகரம் இரண்டையும் இனி அடிக்கப்போவதில்லை, அது பாதையாகவே கிடக்கட்டும் என்றார். அதோடும் நிற்கவில்லை.

“அந்த அரையடியை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. எனக்கு வேண்டாம்.”

“நீ சொன்னாச் சரி,” என்றார் கதிரவேலு, நிலத்தைப் பார்த்தபடி.

அப்போதுதான் வேலி இடைவெளியில் கேதீஸ்வரியின் தலை தெரிந்தது. கையில் அகப்பை. தட்டில் கிடந்த இரண்டு பூவையும் ஒரு தரம் பார்த்தாள், பிறகு இராசமலரைப் பார்த்துச் சொன்னாள்:

“இராசமலர், எங்கடையவரைக் கொஞ்சம் விடச்சொல்லுமன். விடிய ஆறு மணிக்கே தன்ரை படத்தை அனுப்பிப்போட்டு, பன்ரண்டு அடிக்குமட்டும் அங்கை போய்க் குந்தியிருந்திட்டு வாறன் எண்டு வெளிக்கிட்ட மனிசன், இப்ப ஒரு மணியாகுது, சோறு ஆறுது.”